பச்சைக் கன்னம்

"நீ ஒண்ணும் சொல்லலியே, ஃபெர்க்."

"எதுக்கு?"

"உங்கம்மா சொன்னதுக்கு."

"அவங்க மனசுல ஒண்ணும் இல்ல, பிரை. யாரைப் பாத்தாலும் ஏதாவது சொல்லுவாங்க. எனக்குக் காது பெருசுன்னு எட்டு வயசு வரைக்கும் தொப்பி போட்டு மூடி வச்சாங்க."

"இப்போ தொப்பியைக் கழட்டிட்டே இல்ல?"

"பின்ன?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு, கங்காரு குறுக்க வரும்."

இது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. ஃபெர்கஸின் அம்மா வீட்டில் நான் முதல் தடவையாகச் சாப்பிட்டுவிட்டு, இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டபோது அவன் அம்மா நெரிடா என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, "இப்படி நில்லு டார்லிங், இதுதான் உனக்கு நல்ல பக்கம்" என்றார். என் இடது நெற்றியில் தொடங்கி, கண்ணோரமாக இறங்கி, கன்னம் முழுக்கப் பரவி, வாயோரம் வந்து நிற்கும் சிவப்பு மச்சம் ஒன்று எனக்கு உண்டு. பிறந்ததிலிருந்தே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பீட்ரூட் என்று கூப்பிட்டார்கள். பதினைந்து வயதில் நானே என்னை பீட்ரூட் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்ததும் அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. மச்சத்தால் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் கிடையாது. நெரிடா சொன்னதைக்கூட வீட்டு வாசலிலேயே மறந்திருப்பேன். அவர் என் தோளைத் திருப்பியபோது, கேமராவுக்குப் பின்னால் நின்ற ஃபெர்கஸ் ஏதோ திருகைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்துகொண்டானே, அதைத்தான் மறக்க முடியவில்லை.

அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல் என்று கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பு இல்லை என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அப்படியெல்லாம் நினைக்கிற வயதுதான். பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கும், நெரிடாவின் கை என் தோளுக்கு வந்தது. ஃபெர்கஸ் குனிந்துகொண்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

இந்த ஜனவரியில், இங்கே நடுக்கோடையில், நெரிடாவுக்கு எழுபது. காசில்மெயின் ஊரில், புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுகிற பௌலிங் கிளப்பில் சனிக்கிழமை மதிய விருந்து. பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டோம். கடையில் பட்டனைத் தட்டி எடுக்கிற படம் வேண்டாம், நீங்கள் இருவரும் கையால் செய்வீர்களே, அது வேண்டும், நாம் மூன்று பேரும் இருக்கிற மாதிரி, வாசலில் நுழைந்ததும் எல்லோரும் பார்க்கிற மாதிரி பெரியதாக வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எங்கள் பின்கட்டில் இருக்கும் மரத்தடியில் மூன்று பேரும் நின்றோம். டைமரை வைத்துவிட்டு ஃபெர்கஸ் ஓடி வந்தான். அதனாலோ என்னவோ, அன்றைக்கு நெரிடாவுக்கு என் தோளைத் திருப்ப நேரம் கிடைக்கவில்லை. நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நல்ல படம்.

கையால் செய்வது என்று அவர் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதி கம்ப்யூட்டர் வேலை. ஃபெர்கஸ் டிஜிட்டல் படத்தை மூன்று நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒன்றாக மூன்று நெகட்டிவ் பிலிம்கள் பிரிண்டரில் அச்சடித்துத் தருவான். பார்க்க மூன்றும் கறுப்பு வெள்ளைதான். எது எந்த நிறத்துக்கு என்பது ஓரத்தில் எழுதியிருக்கும். அங்கிருந்து என் வேலை. வேலம்பிசினில் மஞ்சள் சாயமும் டைக்ரோமேட் என்ற ரசாயனமும் கலந்து தாளில் தூரிகையால் பூசி, உலர்ந்ததும் மஞ்சள் பிலிமை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவேன். பிலிம் வழியாக வெயில் பட்ட இடத்தில் சாயம் இறுகிவிடும், படாத இடத்தில், தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டால், கரைந்து போய்விடும். மறுநாள் அதே தாளில் நீலம். அதற்கு மறுநாள் சிவப்பு. சிவப்பு விழுகிறவரைக்கும் படத்தில் இருப்பவர்களெல்லாம் குளத்தில் ஊறிக் கிடந்தவர்கள் மாதிரிதான் தெரிவார்கள். கடைசி நிறம் விழுந்த பிறகே தோல் தோலாகும்.

பிலிம்கள் மூன்றும் என் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் நிறம் சரியாக வரும். ஒன்றை மட்டும் திருத்தினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டது ஃபெர்கஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுவான்.

எது கெட்டுப்போனாலும் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று எப்போதும் மூன்று தாள்களைச் சேர்த்தே செய்வேன். திங்கட்கிழமை மூன்று தாளிலும் மஞ்சள் முடிந்தது. செவ்வாய்க்கிழமை நீலம். புதன்கிழமை வடக்கே எங்கோ காடு எரிந்து ஊர் முழுக்கப் புகை. வெயில் மங்கிவிட்டதால் வேலை நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டமாதிரி இருந்தது. முதல் தாளில் சிவப்பைப் பூசி, வெயிலில் காட்டி, தண்ணீர்த் தட்டில் கவிழ்த்துப் போட்டேன்.

அரைமணி கழித்துத் திருப்பினேன். நெரிடாவின் உதட்டுச்சாயம் அப்படியே வந்திருந்தது. ஃபெர்கஸின் காது நுனி வெயிலில் சிவந்திருந்ததுகூட வந்திருந்தது. பின்னால் இருந்த செங்கல் சுவர் செங்கல்லாகவே இருந்தது. என் முகத்தின் வலது பாதி நான்தான். இடது பாதி, நெற்றியிலிருந்து வாயோரம் வரைக்கும், பச்சையாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் பாசி பிடித்திருக்குமே, அந்தப் பச்சை.

முதலில் என்னையேதான் திட்டிக்கொண்டேன். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் பிசின் சீக்கிரம் இறுகிக் கறை பிடிக்கும். தண்ணீர் சூடேறியிருக்கும். தூரிகை சரியாகக் கழுவாமல் இருந்திருக்கும். ஃபெர்கஸ் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தான். ஏன் இப்படி என்று கேட்டேன். ஒரு கணம் தாளைப் பார்த்தான்.

"வெயில் ஜாஸ்தி, பிரை. தண்ணியை மாத்திப் பாரேன்" என்றான்.

தண்ணீரை மாற்றினேன். ஐஸ் கட்டி போட்டேன். புதுத் தூரிகை எடுத்தேன். டைக்ரோமேட்டைக் குறைத்துக் கலந்து இரண்டாவது தாளைச் செய்தேன். நான் தட்டின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரமும் அவன் சமையலறை ஜன்னல் பக்கம் வந்து வந்து போனான். அதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது தாளைத் திருப்பினேன். அதே பச்சை. அதே இடம். கறை என்றால் தாளுக்குத் தாள் மாறும். இது மாறவில்லை. ஓரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடமான ஓரங்கள். அது என் மச்சம். சிவப்பு மட்டும் இல்லாத என் மச்சம்.

சிவப்புப் பிலிமை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகம் கறுப்பாக இருக்கும், மச்சம் வெளுப்பாக இருக்கும். மற்ற இரண்டு பிலிம்களில் லேசாகத்தான் தெரியும், சிவப்புப் பிலிமில் யாரோ டார்ச் அடித்தமாதிரி பளிச்சென்று இருக்கும். எனக்குப் பிடித்த என் படம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். இடது கன்னம் ஒரே கறுப்பு. வழவழவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல். வலது கன்னத்தில் எனக்கு ஒரு சின்னப் புள்ளி உண்டு, மூக்குக்குப் பக்கத்தில். இடது கன்னத்திலும் அந்தப் புள்ளி இருந்தது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிர்ப்பக்கத்தில். என் வலது கன்னத்துத் தோலை எடுத்துத் திருப்பி இடது கன்னத்தில் ஒட்டியிருந்தான்.

பிலிம் கசங்கிவிடக் கூடாதே என்று மேஜையில் வைத்தேன். பதினொரு வருடத்துப் பழக்கம், அந்த நேரத்திலும் பிலிமுக்குத்தான் முதல் கவலை. அதை நினைத்து இன்னும் கோபம் வந்தது.

ஃபெர்கஸ் சமையலறையில் ஏற்கெனவே காய்ந்திருந்த பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெயில் ஜாஸ்தியா?" என்றேன்.

அவன் துண்டைக் கீழே வைத்தான்.

"நான் அங்க முட்டி போட்டு உக்காந்து ஐஸ் போட்டுட்டு இருக்கேன். நீ இங்கேருந்து வேடிக்கை பாத்துட்டு இருந்தே."

"சரியா வந்துடும்னு நினைச்சேன்."

"எது?"

"ரெண்டாவது."

செவ்வாய்க்கிழமை அம்மா போன் செய்தார் என்று தொடங்கினான். கிளப் வாசலில் பெரியதாக மாட்டப் போகிறோம், ஊரே வரும், தெரியாதவர்கள் நின்று கேட்பார்கள், பிரையனிக்குத்தானே சங்கடம், அவளிடம் சொல்ல வேண்டாம், சத்தமில்லாமல் சரிபண்ணிவிடு, அவளுக்கே பிடிக்கும் என்றாராம். அதற்குள் மஞ்சளும் நீலமும் தாளில் ஏறிவிட்டன. மூன்றையும் மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே புதன்கிழமை நான் புகையைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தபோது சிவப்பை மட்டும் திருத்தி, புதுப் பிலிம் எடுத்து, பழையதன் இடத்தில் வைத்துவிட்டான்.

"மச்சம் சிவப்புதானே. சிவப்புல எடுத்துட்டா போதும்னு நினைச்சேன்."

என் கோபத்துக்கு நடுவிலும் ஒரு நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தத் தோலும் ஒரே நிறத்தில் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுத்தவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். என் மச்சத்தில் மஞ்சள் இருக்கிறது, கொஞ்சம் நீலமும் இருக்கிறது. சிவப்பை உருவிவிட்டால் அந்த இரண்டும் எங்கே போகும்? என்னைப் பார்க்காமலே வேலை செய்திருந்தால் ஒழிய இந்தத் தப்பு நடக்காது. அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

"உனக்கு என் மூஞ்சியில என்ன நிறம் இருக்குன்னு தெரியாதா, ஃபெர்க்? பதினொரு வருஷமா தினம் காலையில எதைப் பாத்து முழிக்கிறே?"

"நான் பாக்கறதைப் பத்தி இல்ல பிரை இது. எனக்கு அது ஒரு விஷயமே இல்ல, உனக்கே தெரியும்."

"தெரியும். அதான் கேக்கறேன். உனக்கு விஷயமே இல்லாததை எதுக்கு அழிச்சே?"

எங்கள் வீட்டில் பதில் இல்லாத நேரங்களில் தேநீர் போடுவது அவன் வழக்கம். கெட்டிலை எடுத்தான். நான் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்தேன். தண்ணீர் தளும்பிக் கீழே கொட்டியது.

மூன்றாவது தாள் மிச்சம் இருக்கிறது என்றேன். மஞ்சளும் நீலமும் ஏறிய தாள், சிவப்புக்காகக் காத்திருக்கிறது. பழைய சிவப்புப் பிலிமை எடு, ஒரு மணி நேர வேலை, இப்போதே செய்துவிடுகிறேன் என்றேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டானாம். சரி, கம்ப்யூட்டரில் இருக்குமல்லவா, இன்னொன்று அடித்துக் கொடு என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தான், கணினியைத் திறந்தான், அந்தப் படத்தைக்கூடத் திறந்தான். பிறகு கை அப்படியே நின்றது.

"சனிக்கிழமை ஒரு நாள்தானே, பிரை. இந்த விருந்து முடியட்டும். விருந்துல மாட்ட, மூணு நிறத்தையும் சுத்தமா திருத்தி, பிரிண்டர்லயே சின்ன சைஸ்ல அம்மாவுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுத்துடலாம். அவங்களுக்கு எழுபது வயசு. நமக்குன்னு பெருசா, உள்ளபடியே, இன்னொண்ணு பண்ணிக்கலாம். நம்ம வீட்டுல மாட்டிக்கலாம்."

நம்ம வீட்டுல. அந்த வார்த்தை என்னை எப்படிச் சுட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நான் நானாக இருக்கலாம், வாசல் தாண்டினால் வேறொருத்தியின் கன்னத்தோடு போக வேண்டும். பிரிண்டரை நானே இயக்கத் தெரிந்திருந்தால் அப்போதே அவனை எழுப்பி வெளியே தள்ளியிருப்பேன். பிலிமின் அடர்த்திக்கெல்லாம் அவன்தான் கம்ப்யூட்டரில் ஏதோ வளைகோடுகள் வரைந்து வைத்திருக்கிறான். தூரிகை எனக்கு, மவுஸ் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டபோது எவ்வளவு பெருமையாக இருந்தோம்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணிக்குப் படத்தை ஃபிரேம் போடுகிறவரிடம் எடுத்துப்போக வேண்டும், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நெரிடா சொல்லியிருந்தார். மணி பத்தரைதான் ஆகியிருந்தது. எப்போதுமே முன்னால்தான் வருவார். பின்பக்க வாசல் வழியாக, இரண்டு கையிலும் பை நிறையச் சுக்கினிக் காய்களோடு வந்தார். ஜனவரி வந்தால் அவர் தோட்டத்தில் அது காய்த்துத் தள்ளும், ஊரில் யார் வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் ஒரு பை வைத்துவிட்டுப் போவார்.

துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய இரண்டு தாள்களின் முன்னால் அவர் பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார். நான் வெளியே வந்தேன். ஃபெர்கஸ் என் பின்னால் வந்தான்.

"எவ்வளவு அழகா இருக்கு" என்று தொடங்கினார். பிறகு கண்ணாடியை மூக்கில் சரியாக வைத்துக்கொண்டு கிட்டப் போனார். "பிரையனிக்கு என்ன ஆச்சு? கடல் பயணத்துல வாந்தி எடுத்த மாதிரி பச்சையா இருக்காளே. ஃபெர்கஸ், நான் சொன்னது இது இல்லியே."

"நீங்க என்ன சொன்னீங்க நெரிடா?" என்றேன்.

அவருடைய முகம் மாறியது. மகனைப் பார்த்தார். மகன் காய்ப் பைகளைப் பார்த்தான்.

"உன்கிட்ட சொல்லிட்டானா."

"படம் சொல்லிடுச்சு."

உனக்காகத்தான் செய்யச் சொன்னேன் என்றார். தன் அக்கா மகன் கல்யாணத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து நெருப்புப் பட்டதா என்று கேட்டதும், நான் கழிப்பறையில் போய் வெகுநேரம் நின்றதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த மாதிரி இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்றுதான் நினைத்தாராம். நான் கழிப்பறையில் நின்றது அந்தப் பெண்ணுக்காக இல்லை, பக்கத்தில் நின்ற உங்கள் மகன் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினான், அதற்காக என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார். குரல் உடைந்திருந்தது.

"எனக்கு உன் மூஞ்சி பிடிக்கலைன்னு நினைக்கிறியா? நீ தோள்ல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தப்போ அஞ்சு வாரம் உன் தலையைக் கழுவினேன், உன் மூஞ்சியைத் துடைச்சு விட்டேன். இந்தக் கன்னத்தையும் சேத்துத்தான். ஒரு நாளாவது கையைச் சுருக்கினேனா?"

சுருக்கியதில்லை. அது உண்மை. வெதுவெதுப்பான துணியை இடது கன்னத்தில் வைத்து, வலது கன்னத்தில் வைத்த அதே அழுத்தத்தோடு துடைத்துவிடுவார். நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். என் கோபம் அந்த இடத்தில் ஒரு படி கீழே இறங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒளிக்காமல் நினைக்கிறார். அவரோடு நான் எப்போது வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ள முடியும். மாலையில் சமாதானமாகி ஒரே தட்டில் கேக் சாப்பிடவும் முடியும்.

"சுருக்கல, நெரிடா" என்றேன். "ஆனா என் மூஞ்சியை எடுத்துட்டு வேற ஒண்ணை மாட்டச் சொன்னீங்க. என்கிட்ட கேக்காம. அது தப்பு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாள்களின் ஓரம் காய்ந்து சுருளத் தொடங்கியது. உள்ளே, இருட்டு அறையில், மூன்றாவது தாள் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் அதில் சிவப்பு விழ வேண்டும். எந்தச் சிவப்பு என்பதைச் சொல்ல வேண்டியவன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, சுக்கினிப் பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான்.

"நான் இதை உள்ள வச்சுட்டு, டீ போடறேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்றான்.

"வை கீழே" என்றேன்.

வைத்தான். ஒரு காய் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. அழுதுவிட்டால் அவன் அணைத்துக்கொள்வான், அணைத்துக்கொண்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எத்தனையோ தடவை அப்படி முடிந்திருக்கிறது. அழக் கூடாது என்று நின்றேன்.

"நாங்க பேச வேண்டியது ஒண்ணுமில்ல, ஃபெர்க். நீ பேசணும். முதல் நாள்லேருந்து இதை உன்கிட்ட கேக்கணும்னு நினைச்சுட்டு இருக்கேன், கேட்டதே இல்ல. இப்போ கேக்கறேன். உங்கம்மாவைப் பாத்து, என்னைப் பாத்து இல்ல, அவங்களைப் பாத்து, 'அம்மா, அவ மூஞ்சி அதுதான், படத்துலயும் அப்படியேதான் இருக்கும்'னு சொல்லு."